தானாக நடந்த லாகின் திடீரென்று நின்றுபோனால்: காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

நேற்றுவரை திறந்தவுடன் உங்கள் பெயரோடு வந்த தளம் இன்று கடவுச்சொல் கேட்கிறது. "ரிமெம்பர் மீ" பெட்டியில் டிக் போட்டு நுழைந்தாலும் மறுநாள் மறுபடியும் கேட்கிறது. இதற்குப் பக்கத்து வீட்டுத் தம்பியிலிருந்து போன் கடைக்காரர்வரை எல்லோரும் சொல்லும் ஒரே மருந்து: "குக்கி, ஹிஸ்டரி எல்லாத்தையும் அழிச்சுடுங்க." அதை மட்டும் முதலில் செய்யாதீர்கள். ஒரு தளம் மறந்ததற்காக, ஒழுங்காக நினைவில் வைத்திருக்கும் மற்ற எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். தப்பு எங்கே நடக்கிறது என்று காட்டக்கூடிய தடயமும் அதோடு போய்விடும்.

எதிலும் கை வைக்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பர்மாவில் பலருடைய பேஸ்புக் கணக்கு, போன் வாங்கிய அன்று கடையிலேயே திறந்து கொடுத்தது. எந்த ஈமெயில், எந்தக் கடவுச்சொல் என்று உரியவருக்கே தெரியாது. தானாக லாகின் ஆகிக்கொண்டிருந்தவரை தெரியவேண்டிய தேவையும் வரவில்லை. வீட்டில் ஏதாவது ஒரு போனில் கணக்கு இன்னும் திறந்திருந்தால், அதில் பதிவாகியிருக்கும் போன் நம்பரையும் ஈமெயிலையும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த சிம் இன்னும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். செத்துப்போன நம்பருக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்தால், கீழே சொல்லும் எந்த வழியும் உதவாது.

நினைவு எங்கே இருக்கிறது

கோவில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்களே, குக்கியும் அதுதான். நீங்கள் சரியான கடவுச்சொல் கொடுத்ததும் தளம் ஒரு நீளமான எண்ணெழுத்தைப் பிரவுசரிடம் கொடுக்கிறது. அதற்கு இணையான பதிவு தளத்தின் சர்வரில், அதாவது தளத்தை நடத்தும் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். அடுத்த முறை பிரவுசர் அந்த டோக்கனைக் காட்டினால் கேள்வி இல்லாமல் உள்ளே விடுவார்கள். உங்கள் கையில் டோக்கன் தொலைந்தாலும் சரி, அவர்கள் பதிவு அழிந்தாலும் சரி, கடவுச்சொல் கேட்பார்கள். எந்தப் பக்கம் தொலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

டோக்கனில் இரண்டு வகை. தேதி குறிக்காதது, பிரவுசரை மூடியதும் போய்விடும். தேதி குறித்தது, அந்தத் தேதிவரை இருக்கும். "ரிமெம்பர் மீ" டிக் செய்கிற வேலை பெரும்பாலும் முதல் வகைக்குப் பதில் இரண்டாம் வகையைக் கேட்டு வாங்குவதுதான். தேதியும் முடிவில்லாமல் போகாது. குரோம் 104ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2022 ஆகஸ்டிலிருந்து, எந்தக் குக்கிக்கும் அதிகபட்ச ஆயுள் 400 நாள். தளம் பத்து வருஷம் என்று கேட்டாலும் 400 நாள்தான் கிடைக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் தளம் புதிய டோக்கன் கொடுத்தால் கணக்கு மறுபடி தொடங்கும். போகாமலே விட்டால் காலாவதியாகும்.

பிரவுசர் கடவுச்சொல்லைச் சேமித்து வைப்பது வேறு விஷயம். பெட்டியில் பெயரும் புள்ளிகளும் தானாக நிரம்பியிருந்து, நீங்கள் "லாக் இன்" அழுத்தவேண்டியிருந்தால், சேமித்த கடவுச்சொல் பத்திரமாக இருக்கிறது, டோக்கன்தான் இல்லை என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து போயிருந்தால் விஷயம் பெரிது. அது எப்போது நடக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் கேட்கவேண்டிய கேள்விகள்

எல்லாத் தளங்களும் மறக்கின்றனவா, ஒன்றே ஒன்றா? ஒன்று மட்டும் என்றால் அந்தத் தளத்திலோ, அதற்கான குக்கியிலோதான் கோளாறு. எல்லாம் என்றால் பிரவுசர் அல்லது கருவி.

அதே கருவியில் வேறு பிரவுசரில் என்ன நடக்கிறது? குரோம் மறந்து பயர்பாக்ஸ் நினைவில் வைத்திருந்தால் குரோமின் அமைப்பைப் பாருங்கள். இரண்டும் மறந்தால் கடிகாரம், டிஸ்க்கில் இடமின்மை, அல்லது "கிளீனர்" வகை மென்பொருள்.

எப்போது மறக்கிறது? பிரவுசரை மூடித் திறந்ததும் என்றால் ஒரு காரணம். மின்வெட்டுக்குப் பிறகு என்றால் வேறு. சரியாக ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ என்றால் அது யாரோ வைத்த கால அளவு. பக்கம் மாறும்போதே வெளியே தள்ளினால், டோக்கன் சேமிக்கவே படவில்லை, அல்லது சர்வர் அதை ஏற்கவில்லை.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஊகிக்கவே வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம். லாகின் ஆன நிலையில் குரோமில் எஃப்12 அழுத்தி, "அப்ளிகேஷன்" பகுதியில் "குக்கீஸ்" என்பதைத் திறந்து அந்தத் தளத்தின் பெயரை அழுத்துங்கள். பயர்பாக்ஸில் "ஸ்டோரேஜ்" பகுதி. காலாவதிக்கென்று ஒரு பத்தி இருக்கும். லாகின் குக்கிக்கு நேராக "செஷன்" என்று மட்டும் இருந்தால், மூடியதும் போய்விடும். தேதி இருந்தால் அதுவரை இருக்கவேண்டும். குரோம் அந்த நேரத்தை உலகப் பொது நேரத்தில் காட்டும். யாங்கோன் நேரத்துக்கு 6 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். எந்தக் குக்கி லாகினுக்கு உரியது என்று தெரியாவிட்டால், வெளியேறிவிட்டு மறுபடி நுழைந்து பாருங்கள். புதிதாக வருவது அதுதான்.

கடிகாரம்: இந்த ஊரில் முதலில் சந்தேகப்படவேண்டியது

குக்கியின் தேதி முடிந்ததா என்பதைப் பிரவுசர் உங்கள் கருவியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. கடிகாரம் தவறுதலாக இரண்டு வருஷம் முன்னால் போய், அந்த நிலையில் பிரவுசரை ஒரே ஒரு முறை திறந்தாலும், எல்லாக் குக்கியும் காலாவதி என்று கழிக்கப்பட்டுவிடும். பிறகு தேதியைத் திருத்தினாலும் அவை திரும்பி வராது. கடிகாரம் பின்னால் போனால் வேறு தொல்லை: பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை என்று பிரவுசர் தளத்தையே திறக்க மறுக்கும். "யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்" என்று குரோம் காட்டுவது அதைத்தான்.

பர்மாவின் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னால். இந்தியாவுக்கு ஐந்தரை, தாய்லாந்துக்கு ஏழு. இந்தியாவிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ வந்த லேப்டாப்பில் நேர மண்டலம் பழையபடியே இருக்கும். மணி தப்பாகத் தெரிகிறதே என்று முள்ளை மட்டும் கையால் நகர்த்திவிடுவார்கள். அது தானாகத் திரும்பிவிடாமல் இருக்க "தானாக நேரம் அமை" என்பதையும் அணைத்துவிடுவார்கள். திரையில் மணி சரியாகத்தான் இருக்கும். உள்ளே கணக்கு பிசகியிருக்கும். இந்திய மண்டலத்தில் யாங்கோன் மணி வைத்தால் கம்ப்யூட்டர் உண்மையைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தாய்லாந்து மண்டலம் என்றால் அரை மணி பின்னால்.

ஒரு மணி நேரம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். பல தளங்கள் ஒரு மணி நேர ஆயுளுள்ள சின்ன அனுமதிச் சீட்டு கொடுத்து, அது முடிந்ததா என்று உங்கள் கடிகாரத்தைக் கேட்கின்றன. ஒரு மணி முன்னால் ஓடும் கருவியில் அந்தச் சீட்டு கைக்கு வரும்போதே காலாவதி. நுழைந்த அடுத்த நொடியே வெளியே தள்ளப்படுவீர்கள். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க அங்கீகார எண்ணை அதே கருவியில் எடுத்தால் அதுவும் எப்போதும் தப்பு என்றே வரும்.

விண்டோஸில் திருத்தும் வழி:

1. "செட்டிங்ஸ்", "டைம் அண்ட் லாங்குவேஜ்", "டேட் அண்ட் டைம்" போங்கள்.
2. நேர மண்டலத்தில் 06:30 என்று தொடங்கும் "யாங்கோன் (ரங்கூன்)" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. "செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி" என்பதைப் போடுங்கள்.
4. "சிங்க் நவ்" அழுத்துங்கள்.

நான்காவது படி தோற்றால் தேதியைக் கையால் சரியாகப் போட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். பிசகு 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்தாமல் விட்டுவிடுவது வழக்கம். போனில் தேதி, நேரம் பகுதியில் நேரம், மண்டலம் இரண்டையும் தானாக அமையும்படி விடுங்கள். ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்து, மாற்றி மாற்றித் திறக்கும்போது ஆறரை மணி பிசகினால், மதர்போர்டு கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரமாகவும் மற்றது பொது நேரமாகவும் படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீரும்.

திருத்திய தேதி, கரண்ட் போய் வந்ததும் மறுபடி பழைய வருஷத்துக்கே போகிறதா? மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 வகை, 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். மாற்றுமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பக்கத்திலுள்ள கிளிப்பை மெல்ல நகர்த்தினால் பேட்டரி தானே எழும்பும். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். மெஷினைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற மென்பொருளின் அமைப்பு தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கலாம். மெஷின் ஸ்டார்ட் ஆகாவிட்டால், எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் தொடங்குவது என்று அதில் இருக்கும் பூட் வரிசையைப் பாருங்கள். லேப்டாப்பில் இந்தப் பேட்டரி சிறு கம்பியோடு ஒட்டியிருக்கும், சிலவற்றில் தனியாக இருக்காது. பழக்கமில்லாதவர் கடையில் கொடுப்பதே மேல்.

மின்வெட்டு செய்யும் மற்ற வேலைகள்

குரோம் ஒவ்வொரு குக்கியையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதுவதில்லை. சேர்த்து வைத்து, சுமார் 30 நொடிக்கு ஒருமுறை எழுதும். லாகின் ஆன கையோடு கரண்ட் போனால் அந்த டோக்கன் டிஸ்க்குக்கு வந்தே சேர்ந்திருக்காது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், வெட்டு வரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே பிரவுசரை முறைப்படி மூடிவிடுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வெட்டு வந்தால் குக்கிக் கோப்பே கெட்டுப்போகலாம். அப்போது பிரவுசர் வெறுமையான புதுக் கோப்போடு தொடங்கும்: ஒருமுறை எல்லாம் மறக்கும், பிறகு சரியாக இருக்கும். தினம் தினம் மறந்தால் டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று சோதியுங்கள். இடம் மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். நிரம்பிய டிஸ்க்கில் குக்கி எழுதமுடியாது. பிரவுசர் திறந்திருக்கும்வரை நினைவில் இருந்து, மூடியதும் போய்விடும். ஒரு ஜிபியாவது காலியாக வையுங்கள்.

டெஸ்க்டாப் படம் மாறி, கோப்புகள் எல்லாம் காணாமல்போய், புது மெஷின்போல் தெரிந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் உங்கள் கணக்கைத் திறக்கமுடியாமல் தற்காலிகக் கணக்கில் நுழைத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்வது வீண். வெளியேறினால் அத்தனையும் அழிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

சேமித்த கடவுச்சொல்லும் குக்கியும் சேர்ந்தே போவது எப்போது? குரோம் இரண்டையும் பூட்டி வைக்கும் சாவி, விண்டோஸ் கணக்கின் கடவுச்சொல்லோடு கட்டப்பட்டது. நீங்களே பழைய கடவுச்சொல் கொடுத்து மாற்றினால் ஒன்றும் ஆகாது. மறந்துபோய், கடைக்காரர் வேறு வழியில் உடைத்துப் புதிதாக வைத்தால் பழைய பூட்டு திறக்காமல் போகும். குரோம் போல்டரைப் பழைய மெஷினிலிருந்து புதியதற்குக் காப்பி செய்தாலும் இதே கதி. 2024இல் வந்த 127ஆம் பதிப்பு குக்கிப் பூட்டை இன்னும் இறுக்கிவிட்டது. மெஷின் மாற்றுகிறவர்கள் கூகுள் கணக்கு வழியாகக் கடவுச்சொற்களை சிங்க் செய்துகொள்ளுங்கள். குக்கி அப்படி வராது. ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை நுழையத்தான் வேண்டும்.

பிரவுசர் தானே அழிக்கிறதா

குரோமில் "செட்டிங்ஸ்", "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", "சைட் செட்டிங்ஸ்", "அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்", "ஆன்-டிவைஸ் சைட் டேட்டா" என்று போங்கள். எல்லா ஜன்னலும் மூடும்போது தளங்களின் தரவை அழிக்கச் சொல்லும் தெரிவு அங்கே இருக்கிறது. அது தேர்வாகியிருந்தால், சேமிக்க அனுமதிக்கும் தெரிவுக்கு மாற்றுங்கள். கீழே தனித் தளங்களுக்கான பட்டியலையும் பாருங்கள். பயர்பாக்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதியில், மூடும்போது குக்கியை அழிக்கும் டிக், "நெவர் ரிமெம்பர் ஹிஸ்டரி" இரண்டும் இருக்கக்கூடாது; இரண்டாவது, பிரவுசரை நிரந்தர ரகசிய ஜன்னலாகவே ஆக்கிவிடும். எட்ஜில், மூடும்போதெல்லாம் எதை அழிக்கவேண்டும் என்ற பட்டியலில் குக்கி அணைந்திருக்கவேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று: குரோமில் "ஆன் ஸ்டார்ட்அப்" பகுதியில் "கன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்" போட்டிருந்தால், மூடியதும் போகவேண்டிய செஷன் குக்கியும் உயிரோடு இருக்கும். யாராவது அதை மாற்றிவிட்டால், அதுவரை நினைவில் வைத்திருந்த தளங்கள் அன்றிலிருந்து மறக்கத் தொடங்கும். தளத்தில் ஒன்றும் மாறியிருக்காது.

சிகிளீனர் போன்ற துப்புரவு மென்பொருளும் வைரஸ் தடுப்பானோடு வரும் கிளீனரும் குக்கியை அழிப்பதைத் தங்கள் சாதனையாகக் கணக்குக் காட்டும். அதில் குக்கி டிக்கை எடுத்துவிடுங்கள். குக்கி அழிக்கும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சிறு மென்பொருள்) ஏதாவது இருந்தால் ஒவ்வொன்றாக அணைத்துச் சோதியுங்கள். பயர்பாக்ஸ் போக்கஸ் மறப்பதற்காகவே செய்த பிரவுசர். அதோடு சண்டை போட்டுப் பயனில்லை.

போனில்

பேஸ்புக்கிலோ மெசஞ்சரிலோ வந்த இணைப்பைத் தொட்டால், அது பெரும்பாலும் அந்த ஆப்பின் உள்ளேயே ஒரு சின்ன பிரவுசரில் திறக்கும். அதன் குக்கிப் பெட்டி வேறு, குரோமின் பெட்டி வேறு. குரோமில் நீங்கள் நுழைந்திருப்பது அதற்குத் தெரியாது. "தளம் மறந்துவிட்டது" என்ற புகார்களில் நிறைய இதுதான். மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, வெளிப் பிரவுசரில் திறக்கும் தெரிவைக் கொடுங்கள்.

ஆண்ட்ராய்டில் இடம் காலி செய்யப் போகிறவர்கள் "கிளியர் கேஷ்" மட்டும் அழுத்தவேண்டும். பக்கத்திலேயே இருக்கும் "கிளியர் ஸ்டோரேஜ்" அல்லது "கிளியர் டேட்டா", குக்கி உட்பட எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

ஐபோனில் ஒரு வாரம் கழித்து மறக்கிறதா? சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து, பக்கத்தின் ஸ்கிரிப்ட் (பக்கத்தோடு வந்து பிரவுசருக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதி வைத்த தரவுகளை, நீங்கள் சஃபாரி பயன்படுத்தும் ஏழு நாட்களுக்குள் அந்தத் தளத்தைத் தொடாவிட்டால் அழித்துவிடும். சர்வர் நேரடியாகத் தரும் குக்கிக்கு இந்த விதி இல்லை. எனவே சில தளங்களில் மட்டும்தான் இப்படி ஆகும். வாரத்துக்கு ஒருமுறையாவது திறப்பதுதான் எளிய வழி.

இணைப்பு மாறும்போது

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் உங்கள் ஐபி முகவரி மாறும். குக்கி அப்படியேதான் இருக்கும். ஆனாலும் வங்கிகளும் சில கவனமான தளங்களும், டோக்கன் ஒரே ஆளிடமிருந்துதான் வருகிறதா என்று முகவரியையும் ஒப்பிடும், மாறினால் வெளியேற்றும். விபிஎன் வழியாகப் போகிறவர்கள் காலையில் சிங்கப்பூரிலும் மாலையில் நெதர்லாந்திலும் இருப்பதாகத் தளத்துக்குத் தெரியும். திருட்டு என்று சந்தேகப்படுவது இயல்பு. எப்போதும் ஒரே நாட்டு சர்வரைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி குறையும். வங்கித் தளம் சில நிமிடத்தில் வெளியேற்றினால் அது கோளாறு அல்ல. அதை மாற்ற முயலவேண்டாம்.

ஒரே ஒரு தளம் மட்டும் என்றால்

முகவரியைக் கவனியுங்கள். முன்னால் மூன்று டபிள்யூ இருக்கும் முகவரியில் வாங்கிய குக்கி, அது இல்லாத முகவரியில் செல்லாமல் போகலாம். பழைய புக்மார்க் ஒன்றைத் திறந்து, கூகுள் வேறொன்றைத் திறந்தால் ஒரே தளம் இருமுறை கடவுச்சொல் கேட்கும். பூட்டுக்குறி உள்ள பாதுகாப்பான முகவரியில் நுழைந்து அதையே புதிதாக புக்மார்க் செய்யுங்கள்.

சரியான கடவுச்சொல் கொடுத்தும் லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வந்தால், ஒரே பெயரில் இரண்டு குக்கி மோதுகிறது, அல்லது பழையது ஒன்று சிக்கிக் கிடக்கிறது. இப்போதுதான் அழிக்கவேண்டும், அந்தத் தளத்துடையதை மட்டும். முகவரிக்கு இடப்பக்கமுள்ள குறியைத் தொட்டு, "குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா" போய், குப்பைத்தொட்டிக் குறியை அழுத்துங்கள். எல்லாத் தாவலையும் மூடித் திறந்து, டிக் போட்டு நுழையுங்கள். ஒரு நிமிடம் விட்டுப் பிரவுசரை மூடி, மறுபடி திறந்து பாருங்கள்.

வேறொரு போனில் கடவுச்சொல்லை மாற்றினாலோ, "எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு" அழுத்தினாலோ, உங்கள் கையிலுள்ள டோக்கனைத் தளமே ரத்து செய்திருக்கும். நீங்கள் எதையும் மாற்றாமல் இப்படி நடந்தால், கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் தெரியாத கருவி ஏதாவது இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

நண்பர்களுக்கும் அதே நாளில் அதே தளம் மறந்திருந்தால் உங்கள் பக்கம் எதையும் தொடவேண்டாம். சங்கத்துக்கோ பள்ளிக்கோ வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிறவர்கள் கவனிக்கவேண்டியது இது: டிக் போடாமல் நுழைந்தால் 2 நாள், டிக் போட்டால் 14 நாள் என்பது வேர்ட்பிரஸின் இயல்பான அளவு. அமைப்புக் கோப்பிலுள்ள ரகசியச் சாவிகளை மாற்றினால் எல்லோரும் ஒரே நொடியில் வெளியேறுவார்கள். தள முகவரியில் ஓர் எழுத்து மாற்றினாலும் குக்கியின் பெயரே மாறிவிடும், பலன் அதேதான். சொந்தமாக பிஎச்பியில் எழுதிய தளம் என்றால், செஷன் தரவின் இயல்பான ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம்தான். குக்கியின் தேதியை மட்டும் ஒரு மாதம் நீட்டி, இதை அப்படியே விட்டால், டோக்கன் பயனாளர் கையில் இருக்கும், சர்வர் பக்கம் பதிவு இருக்காது. நீண்ட நாள் லாகினுக்குத் தனி டோக்கனை டேட்டாபேஸில் வைத்து, அதைக் கொண்டு புது செஷன் திறக்கும்படி எழுதவேண்டும்.